சொல்லிவிட்டவள்

ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த எங்கள் பள்ளி மாணவி ஒருத்தி அந்தக் கோடை விடுமுறையில் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஜூனில் பள்ளி திறந்தபோது பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறவில்லை, அவ்வளவுதான் நடந்தது. காலை வழிபாட்டில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "வேண்டாம், மத்த பிள்ளைங்க மனசும் கெட்டுப்போயிரும்" என்றார் தலைமையாசிரியை. ஆசிரியர் அறையில் அந்தப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் திருத்த வேண்டிய விடைத்தாள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

நான் அந்தப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளும், கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளும், துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். மாணவர்களின் தற்கொலையைத் தடுப்பதற்கான பயிற்சிக்குப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை அனுப்பச் சொல்லி அந்த ஆண்டு உத்தரவு வந்தது. "உடம்பு, மூளைன்னு பாடம் எடுக்கது நீங்கதான" என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். கூட வந்தவர் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியை. மழை பெய்து மைதானம் சேறாகிக் கிடந்ததால் அவருக்கு அப்போது வேலை இல்லை.

பயிற்சியை நடத்தியவர் சென்னையிலிருந்து வந்திருந்த ஓர் இளம் உளவியலாளர். ஆங்கிலம் நிறையக் கலந்து பேசினார். அரைமணி நேரத்திலேயே வேம்பார்ப் பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்திருந்த கணக்கு ஆசிரியர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"நாமளே அந்தப் பேச்ச எடுத்தா, இல்லாத யோசனைய பிள்ளைங்க மண்டையில நாமளே ஏத்திவிட்ட மாதிரி ஆயிராதா?"

எங்கள் எல்லோருக்கும் இருந்த கேள்வி அது. அவர் கேட்டதும் பல தலைகள் ஆடின.

"ஆகாது சார்," என்றார் உளவியலாளர். "அந்த யோசனை ஏற்கெனவே இருந்தா, ஒருத்தர் வாய் விட்டுக் கேட்டாங்கங்கிறதே அவங்களுக்கு ஆறுதல். இல்லைன்னா, இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

மதியத்துக்குப் பிறகு இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகச் சொன்னார். எனக்கு எதிரே உடற்பயிற்சி ஆசிரியை. அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான், "மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கா? தப்பான முடிவு எதுவும்..." என்று இழுத்தேன். உளவியலாளர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

"தப்பான முடிவுன்னு சொல்லாதீங்க மேடம். கேக்கும்போதே திட்டுற மாதிரி இருக்கு. சுத்தி வளைக்காம கேளுங்க."

நான் நேராகவே கேட்டேன். "உங்களுக்குச் செத்துப்போகணும்னு தோணுதா?"

உடற்பயிற்சி ஆசிரியையின் சிரிப்பு நின்றது. "இப்ப இல்ல" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில், நான் கேட்காமலேயே சொன்னார். கல்யாணமான புதிதில் சில மாதங்கள் அப்படி இருந்ததாம். எப்படிச் சரியானது என்று தனக்கே தெரியாதாம். "அன்னைக்கு ஒருத்தராவது இப்படிக் கேட்டிருக்கலாம். எல்லாரும் சாப்பிட்டியா சாப்பிட்டியான்னுதான் கேட்டாங்க" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் அந்த விஷயத்தை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

பதினோராம் வகுப்பில் நான் அந்த வகுப்பை எடுத்தபோது பிள்ளைகள் முதலில் ஒருவரையொருவர் கிள்ளிச் சிரித்தார்கள். பிறகு அமைதியானார்கள். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று சொன்னேன். ஆசையாக வைத்திருந்த பொருளை எடுத்துக் கொடுப்பது, தூக்கம் போவது, பிடித்ததை விட்டுவிடுவது, இனி நான் இருக்க மாட்டேன் என்பது போன்ற பேச்சு. தோழி அப்படிப் பேசினால் பயப்படாமல் கேளுங்கள், கூடவே இருங்கள், பெரியவர்கள் ஒருவரிடம் சொல்லுங்கள் என்றேன். உதவி எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன். "யாருட்டயும் சொல்லாதன்னு கேட்டாலும் சொல்லணும். இந்த ஒரு ரகசியத்த மட்டும் காப்பாத்தக் கூடாது." பயிற்சிக் கையேட்டில் இருந்ததை அப்படியே எங்கள் பேச்சில் சொன்னேன். மணி அடித்தது. என் கடமை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து, செய்முறை வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி மட்டும் ஆய்வகத்தில் பின்தங்கி நின்றாள். திரேஸ்புரத்துப் பெண். அப்பா விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். வகுப்பில் அதிகம் பேசாதவள். ஏற்கெனவே கழுவியிருந்த தட்டுகளை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், மாதா மேல சத்தியம் பண்ணிட்டு மீறுனா பாவந்தான?"

"என்ன சத்தியம்?"

"சொல்ல மாட்டேன்னு பண்ணுன சத்தியம்."

நான் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. குழாயை மூடிவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"பாவமா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா. அத நீ பங்குச் சாமியார்கிட்டதான் கேக்கணும். ஆனா சொல்லாம இருந்தா என்ன ஆகும்னு பயந்துதான நீ இங்கன நிக்க?"

அவள் தலையசைத்தாள். பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். அதே வகுப்பில் படிக்கும் அவளுடைய நெருங்கிய தோழி, ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்காருகிறவள், தன்னுடைய ஷட்டில் மட்டையை இவளிடம் கொடுத்துவிட்டாள். யாரையும் தொடவிடாத மட்டை. "இனிமே எனக்கு வேண்டாம், நீயே வச்சிக்கிடு" என்று சொன்னாள். ஏன் என்று கேட்டதற்குச் சத்தியம் வாங்கிக்கொண்டு, இனி தான் இருக்கப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

"அவகிட்ட நீங்க சொன்ன மாதிரி கேட்டேன் டீச்சர். ஆமான்னு சொல்லுதா. எப்பன்னு கேட்டா சிரிக்கா. எனக்குப் படிக்கவே முடியல. வீட்டுக்குப் போனா அவ இருக்காளா இல்லையான்னே நெனப்பு."

அந்தத் தோழியை எனக்கு நன்றாகத் தெரியும். மில்லர்புரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் மகள். நானும் அந்தத் தெருவுக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். அந்தக் கடையில்தான் சாமான் வாங்குவேன். நன்றாகப் படிக்கிறவள். மாவட்டப் போட்டியில் ஷட்டில் ஆடியவள். அவளிடம் நான் எதையும் கவனித்திருக்கவில்லை. தீபாவளிக்குப் பிறகு அவள் பயிற்சிக்கு வருவதில்லை என்பது மட்டும் உடற்பயிற்சி ஆசிரியைக்குத் தெரிந்திருந்தது. படிப்புக்காக நிறுத்திவிட்டாள் என்று அவரும் விட்டுவிட்டார்.

அன்றைக்கே, கடைசிப் பீரியடில், விளையாட்டுச் சாமான் வைக்கும் அறைக்குக் கடைக்காரர் மகளை வரச் சொன்னோம். உடற்பயிற்சி ஆசிரியை வெளியே வராந்தாவில் நின்றுகொண்டார். நான் அவளைச் சுற்றி வளைத்துக் கேட்கவில்லை. பயிற்சியில் கேட்ட அதே வார்த்தைகளில் கேட்டேன்.

"ஆமா டீச்சர்" என்றாள். வருகைப் பதிவின்போது சொல்கிற அதே குரல்.

அவளாகச் சொன்னாள்: தூக்கமே வருவதில்லை, புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது, எல்லோருக்கும் தான் ஒரு பாரம் என்று தோன்றுகிறது. அழுகைகூட வருவதில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது" என்று நாக்கு நுனி வரை வந்ததை அடக்கிக்கொண்டேன். சொல்லக் கூடாதவற்றின் பட்டியலில் அதுதான் முதலில் இருந்தது.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "யாரு சொன்னா?"

"உம்மேல அக்கறை உள்ளவங்க."

"அவதான்" என்றாள். முகத்தில் அப்போதுதான் ஓர் உணர்ச்சி தெரிந்தது. கோபம்.

அப்பாவுக்குப் போன் செய்தோம். கடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரில் வந்தார். காதில் செருகிய பேனாவை எடுக்க மறந்திருந்தார். தலைமையாசிரியை அறையில் வைத்துச் சொன்னோம். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவர் கேட்டது, "பையன் எவனாவது இருக்கானா டீச்சர்? மறைக்காம சொல்லுங்க."

"அப்படி எதுவும் இல்ல அண்ணாச்சி. உடம்புக்கு முடியாம போற மாதிரி இது. டாக்டரப் பாக்கணும்."

"எம் பிள்ளைக்குப் பைத்தியம்னு சொல்லுதீயளா?"

தலைமையாசிரியைக்கு வேறு கவலை. போன கோடையில் நடந்தது அவர் மனதில் இருந்திருக்க வேண்டும். "கொஞ்ச நாள் வீட்டுல இருக்கட்டுமே. பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதும்" என்றார். எனக்கு முன்னால் உடற்பயிற்சி ஆசிரியை பேசினார். சத்தமாகப் பேசிப் பழகியவர், அன்று குரலைத் தணித்துப் பேசினார்.

"வீட்டுல தனியா உக்காந்து என்ன செய்வா மேடம்? இங்கன வந்தா நாலு பேரு முகத்தப் பாப்பா. வரட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

தலைமையாசிரியை அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்றார்.

அண்ணாச்சி தன் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். தனியாக விடாதீர்கள், நாளைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வாருங்கள், நானும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் அவர்கள் வரவில்லை. போன் செய்தபோது திருச்செந்தூர்க் கோவிலில் இருப்பதாகச் சொன்னார். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது.

"முருகன்ட்ட விட்டாச்சு டீச்சர். இனி அவன் பாத்துக்கிடுவான். இத யார்ட்டயும் சொல்லிராதீய. நாளப்பின்ன பிள்ளைக்குக் கல்யாணம் காச்சின்னு இருக்கு."

"கோவிலுக்கும் போங்க அண்ணாச்சி, டாக்டர்ட்டயும் போங்க. ஒண்ணுக்கு ஒண்ணு குறுக்கே நிக்காது."

அவர் போனை வைத்துவிட்டார். அடுத்த நாள் காலை, பள்ளி தொடங்குவதற்கு முன், அவருடைய மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றார். "இவ அப்பாவுக்குத் தெரியாது. எப்ப போகணும் டீச்சர்? இப்பவே போயிருவோமா?" என்றார். அந்த அம்மாவோடு அதற்கு முன் நான் பேசியதே இல்லை. கடைக்குப் போகும்போது உள்ளே தலை தெரியும், அவ்வளவுதான். நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர்களோடு ஆட்டோவில் ஏறினேன். வழியில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. அந்த அம்மா மகளின் கையை விடவேயில்லை.

மருத்துவமனையில் வரிசை நீளமாக இருந்தது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அம்மா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டார். டாக்டர் இளம்பெண். மகளைத் தனியாக வைத்து வெகுநேரம் பேசினார். பிறகு அம்மாவை அழைத்தார். இது மனச்சோர்வு என்கிற நோய், இதுதான் காரணம் என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், மாத்திரை உண்டு, வாரம் ஒருமுறை வந்து பேச வேண்டும் என்றார். வீட்டிலும் கடையிலும் ஆபத்தான எதுவும் பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

அன்று சாயங்காலம் மனைவி கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். என்ன சண்டை நடந்தது, நடந்ததா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டொரு நாள் கழித்துக் காய்ச்சலுக்கு மாத்திரையும் சோப்பும் வாங்கக் கடைக்குப் போனபோது, ஓர் அலமாரித் தட்டு முழுவதும் காலியாக இருந்தது. என் பார்வையை அவர் கவனித்தார். "அந்தச் சரக்கு இனிமே போடுததில்ல டீச்சர்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் மகளை ஸ்கூட்டரில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது அவர்தான்.

மகள் பள்ளிக்கு வந்தாள். மாத்திரை ஆரம்பித்த புதிதில் வகுப்பிலேயே தூங்கினாள். எழுப்ப வேண்டாம் என்று மற்ற ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தோம். பொங்கலுக்குப் பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒரு நாள் மைதானத்தின் ஓரத்தில் நின்று மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடற்பயிற்சி ஆசிரியை அவளை ஆடக் கூப்பிடவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை மட்டும் கொண்டுவந்து போட்டார்.

இவ்வளவு நாளும் திரேஸ்புரத்துப் பெண்ணைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. கடைக்காரர் மகள் பள்ளிக்குத் திரும்பிய முதல் நாளே இடத்தை மாற்றிக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போய்விட்டாள். திரேஸ்புரத்துப் பெண் அவளிடம் பேசப் போனபோது, வகுப்பே கேட்கும்படி, "நீ யூதாஸ்ளா" என்று சொல்லியிருக்கிறாள். என்ன நடந்தது என்று தெரியாத பிள்ளைகளும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ மேசையில் சாக்பீஸால் எழுதி வைத்தார்கள். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த சீடனின் பெயர் அது. ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிற பெண்ணுக்கு அதைவிடக் கொடுமையான பெயர் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு அவள் ஆய்வகத்துக்கு வர ஆரம்பித்தாள். பரிசோதனை மேசையின் ஒரு மூலையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, பாதி சாப்பிட்டு மூடிவிடுவாள்.

ஒரு நாள் கேட்டாள். "நான் செஞ்சது சரிதான டீச்சர்?"

"சரிதாம்மா."

"சரின்னா எதுக்கு இப்படி இருக்கு?"

பயிற்சிக் கையேட்டில் அதற்கு ஒரு பக்கம் இல்லை. அன்று மாலை சென்னை உளவியலாளருக்குப் போன் செய்தேன். கடைக்காரர் மகள் எப்படி இருக்கிறாள் என்பதையெல்லாம் கேட்டுவிட்டு, "சொன்ன பொண்ணை யாரு பாத்துக்கிறாங்க மேடம்?" என்றார். யாரும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். "அவளும் இவ்வளவு நாள் இதைத் தனியாத்தானே சுமந்தா. அவளையும் டாக்டர்கிட்ட ஒரு தடவை பேச வைங்க. தனியா மட்டும் உக்கார விடாதீங்க" என்றார்.

டாக்டரிடம் போக அவள் மறுத்தாள். பள்ளிக்கு வாரம் ஒருமுறை வருகிற ஆலோசகரிடம் பேசச் சம்மதித்தாள். உடற்பயிற்சி ஆசிரியை அவளை எறிபந்து அணியில் சேர்த்துவிட்டார். அவளுக்கு எறிபந்து ஆடத் தெரியாது. முதல் மாதம் பந்து அவள் கையில் நிற்கவே இல்லை. ஆனால் அணியில் இருந்த பிள்ளைகள் வேறு பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு யூதாஸ் கதை தெரியாது. "ஏளா, பந்தப் பாருளா! எங்கன பாக்க?" என்று கத்துவார்கள். அவளும் திரும்பக் கத்த ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு ஆய்வகத்துக்கு வருவது குறைந்து, பிறகு நின்றது.

பன்னிரண்டாம் வகுப்பு முழுவதும் இருவரும் ஒரே அறையில் படித்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. இருவரும் தேர்வு எழுதினார்கள், இருவரும் தேர்ச்சி பெற்றார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்றுகூட ஒருத்தி வராந்தாவின் இந்தப் பக்கமும் மற்றவள் அந்தப் பக்கமும் நின்றிருந்தார்கள். நான் சேர்த்துவைக்க முயலவில்லை. அது என் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போதும் ஒவ்வோர் ஆண்டும் அந்த வகுப்பை எடுக்கிறேன். காலை வழிபாட்டில் தலைமையாசிரியையே அதைப் பற்றி முன்கூட்டிச் சொல்கிறார். கையேட்டில் இல்லாத ஒன்றை நான் சேர்த்துச் சொல்வதுண்டு: நீங்கள் சொன்னதற்காக உங்கள் தோழிக்குக் கோபம் வரலாம், அது சீக்கிரம் தீராமலும் போகலாம், அப்போது நீங்களும் என்னிடம் வாருங்கள். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பதில்லை.

கடைக்காரர் மகள் இங்கேயே ஒரு கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். மாலை நேரங்களில் கடையில் பில் போடுகிறாள். மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். நடுவில் ஒருமுறை மறுபடி ஆரம்பிக்க வேண்டி வந்தது, பிறகு மறுபடியும் நிறுத்தினார். இதை அவளே என்னிடம் சொன்னாள், மூக்குக்கண்ணாடி மாற்றியதைச் சொல்வது போல. சமீபத்தில் ஒரு நாள் கடையில் வேறு யாரும் இல்லாதபோது கேட்டாள்.

"அவ எங்க இருக்கா டீச்சர்?"

யார் என்று நான் கேட்கவில்லை. "நாகர்கோவில்ல நர்சிங் படிக்கா."

"உங்ககிட்ட பேசுவாளா?"

"எப்பவாவது போன் பண்ணுவா."

அவள் பருப்பை நிறுத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு அவ மேல கோவம் எப்பவோ போயிட்டு. போனதுக்கப்புறம் எப்படிப் போய்ப் பேசன்னு தெரியல. அவ நம்பர் தருவீங்களா?"

"அவகிட்ட கேட்டுட்டுத் தாரேன்" என்றேன்.

அந்த வாரமே நாகர்கோவிலுக்குப் போன் செய்து கேட்டேன். மறுமுனையில் விடுதியின் சத்தம் கேட்டது. யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"அவ நல்லா இருக்காளா டீச்சர்?"

"நல்லா இருக்கா."

"மாத்திர நிறுத்திட்டாளா?"

"டாக்டர் சொல்லி நிறுத்தியாச்சு."

"இப்ப எனக்கு வார்டு டூட்டி போட்டிருக்காங்க டீச்சர். அது முடியட்டும். லீவுக்கு வருவேன்ல, அப்ப நானே பேசுதேன். இப்ப நம்பர் குடுக்க வேண்டாம்" என்றாள்.

மறுநாள் கடைக்குப் போய் அதை அப்படியே சொன்னேன். கடைக்காரர் மகள் கேட்டுக்கொண்டாள். "எப்ப லீவு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "சரி டீச்சர், வரட்டும்" என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் வந்து நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள்.